மகளின் கன்னத்து மச்சம்

இரவு நேரம். அம்மா தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ரேஷன் அட்டை இருந்தது. மகளின் மாற்றுச் சான்றிதழும் இருந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்தபோது பள்ளியில் தந்த சான்றிதழ் அது.

அம்மா இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றவள். கையில் கிடைக்கும் தாளை எல்லாம் படித்துப் பார்ப்பாள். இதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெயர். பிறந்த தேதி. பிறகு, 'அங்க அடையாளங்கள்.' அதற்கு எதிரே எழுதியிருந்தது: 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்.'

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு 12 வயது. கன்னத்தில் அதே மச்சம். முன்பு கடுகு அளவு இருந்தது. இப்போது உளுந்து அளவு இருந்தது. நிறமும் கறுத்துவிட்டது. கழுத்திலும் தோளிலும் புதிதாக மூன்று மச்சங்கள்!

அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கியது. மச்சம் வளர்ந்தால் புற்றுநோய் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை.

காலையில் மாமியாரிடம் சொன்னாள். "அத்தை, பிள்ளையோட மச்சம் பெரிசாகிட்டே போகுது. எனக்குப் பயமா இருக்கு."

"நானும் பார்த்தேன். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவங்க முகத்தைத்தானே பார்ப்பாங்க? கொஞ்சம் சுண்ணாம்பு வைத்தால் உதிர்ந்துவிடும். இன்று ராத்திரியே வைத்துவிடலாம்" என்றாள் பாட்டி.

இதை மகள் கேட்டுவிட்டாள். அன்று கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டே பள்ளிக்குப் போனாள்.

மாலையில் பாட்டி சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வைத்தாள். அம்மா தடுத்தாள். "ஒரு நாள் பொறுங்க அத்தை. நாளைக்கு நர்சம்மா வருவாங்க. கேட்டுவிட்டுச் செய்யலாம்."

மச்சம் எப்படி உண்டாகிறது?

மறுநாள் நர்சம்மா வந்தார். திண்ணையில் உட்கார்ந்து மூவருக்கும் விளக்கிச் சொன்னார்.

நம் தோலில் நிறம் தரும் செல்கள் உள்ளன. அவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. மெலனின் என்ற நிறப்பொருளை அவை உண்டாக்குகின்றன. இந்தச் செல்கள் தோல் முழுவதும் பரவி இருக்கின்றன. விதை தூவும்போது சில இடங்களில் கொத்தாக விழுவது உண்டு அல்லவா? அதுபோல இந்தச் செல்களும் சில இடங்களில் கூட்டமாகச் சேர்ந்துவிடும். அந்த இடம்தான் மச்சம்.

பிறக்கும்போதே மச்சம் உள்ள குழந்தைகள் குறைவு. சுமார் 100 குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு அப்படி இருக்கும். மற்ற மச்சங்கள் எல்லாம் பிள்ளை வளர வளர வருபவை. வெயில் அதிகம் பட்டாலும் மச்சங்கள் கூடும்.

"சரி நர்சம்மா. இருந்த மச்சம் ஏன் பெரிதாகிறது?" என்று கேட்டாள் அம்மா.

ஹார்மோன் செய்யும் வேலை

பெண் பிள்ளைகளின் உடலில் 8 முதல் 13 வயதுக்குள் பருவ மாற்றம் தொடங்குகிறது. ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. மூளையின் அடியில் பிட்யூட்டரி என்ற சிறிய சுரப்பி இருக்கிறது. அது மற்ற சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவை ஹார்மோன் என்ற பொருள்களைச் சுரக்கின்றன. ஹார்மோன் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது. தபால்காரர் வீடு வீடாகச் செய்தி கொண்டுபோவது போல, 'வளர வேண்டிய காலம் வந்துவிட்டது' என்று அது உடலுக்குச் சொல்கிறது.

அதனால் பிள்ளை உயரமாகிறாள். முகத்தில் பரு வருகிறது. மாதவிலக்கு வருகிறது. ஆண் பிள்ளைக்குக் குரல் உடைகிறது. இதே காலத்தில் மச்சமும் மாறலாம். கொஞ்சம் கறுக்கலாம். கொஞ்சம் பெரிதாகலாம். மேடாக எழும்பலாம். புதிய மச்சங்களும் வரலாம். உடல் வளரும்போது தோலும் விரிகிறது. அதோடு சேர்ந்து மச்சமும் வளர்கிறது.

"அப்படியானால் இது நோய் இல்லையா?"

"பெரும்பாலும் இல்லை. பிள்ளைகளுக்கு மச்சத்தில் புற்றுநோய் வருவது மிக மிக அரிது. ஆனால் அரிது என்றால் வரவே வராது என்று அர்த்தம் இல்லை. அதனால் கவனித்து வரவேண்டும்" என்றார் நர்சம்மா.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

1. மற்ற மச்சங்களைவிட ஒரு மச்சம் மட்டும் வேகமாக வளர்ந்தால்.
2. மச்சத்தின் ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாவிட்டால்.
3. ஓரம் கோணல்மாணலாக இருந்தால்.
4. ஒரே மச்சத்தில் பல நிறங்கள் தெரிந்தால்.
5. பென்சிலின் பின்னால் உள்ள ரப்பரைவிடப் பெரிதாக இருந்தால். அதன் அகலம் சுமார் 6 மில்லிமீட்டர்.
6. ரத்தம் கசிந்தால், புண்ணாகி ஆறாமல் இருந்தால், அரிப்போ வலியோ நீடித்தால்.
7. சிவப்பாகவோ தோல் நிறத்திலோ கட்டி எழும்பி வேகமாக வளர்ந்தால்.
8. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களில் புதிதாகக் கருமை தோன்றினால்.

பிறக்கும்போதே பெரிய மச்சம் இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சுண்ணாம்பு வேண்டாம்

நர்சம்மா சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்தார். "பாட்டி, சுண்ணாம்பு தோலை வேகவைத்துவிடும். மச்சம் இருந்த இடத்தில் தழும்பு வந்துவிடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சந்தேகமான மச்சத்தை டாக்டர் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். நாமே சுட்டுவிட்டால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது" என்றார். பிளேடால் கீறுவதும் கூடாது. ஆசிட் வைப்பதும் கூடாது.

பிறகு ஒரு பென்சிலை வாங்கி மகளின் கன்னத்தருகே வைத்துப் பார்த்தார். மச்சம் ரப்பரைவிடச் சிறியது. வட்டமானது. ஒரே நிறம். கழுத்தையும் தோளையும் பார்த்தார். அங்கும் அப்படியே.

"பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சில மாதங்களுக்கு ஒரு முறை பாருங்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போதும் காட்டுங்கள்" என்றார். 2013ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, இந்தக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "நான் பெரியவளான வருஷம்தான் என் கையில் இந்த மச்சம் வந்தது. ஐம்பது வருஷமாக அப்படியே இருக்கு. அதை மறந்தே போனேன்."

மகள் பாட்டியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கன்னத்தை மறைத்திருந்த கை கீழே இறங்கியிருந்தது. பாட்டி சுண்ணாம்பு டப்பாவை மாடத்தில் வைத்து மூடினாள்.

அன்று இரவு அம்மா ஒரு நோட்டை எடுத்தாள். முதலில் தேதியைப் போட்டாள். பிறகு மெல்ல எழுதினாள்: 'இடது கன்னம். ஒரு மச்சம். உளுந்து அளவு. வட்டம். கறுப்பு.'

விடை எழுதுங்கள்

1. மச்சம் எப்படி உண்டாகிறது?
2. பருவ வயதில் மச்சம் ஏன் மாறுகிறது?
3. மச்சத்தின் மேல் ஏன் சுண்ணாம்பு வைக்கக் கூடாது?
4. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மச்சம் இருக்கிறதா? இடம், அளவு, நிறம் ஆகியவற்றைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.