நம்பிக்கைகளும் உண்மைகளும்: கொழுப்பு சொல்லும் சேதி

தூத்துக்குடியில் யாரிடமாவது உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால், சீக்கிரமே 'கொழுப்பு' வந்து நிற்கும். இறாலில் கொழுப்பு, மக்ரூனில் கொழுப்பு, ரத்தத்தில் கொழுப்பு. எல்லாம் ஒரே சரக்கு, குழாயில் கசடு படிகிற மாதிரி ரத்தக் குழாயில் ஒட்டி அடைத்துவிடும் என்பது பலர் மனதில் பதிந்துபோன சித்திரம். அது பாதிதான் சரி. உடம்பில் கொழுப்பு எரிபொருளாக இருக்கிறது, ஒவ்வொரு செல்லுக்கும் சவ்வாக இருக்கிறது. அந்தச் சவ்விலிருந்தே உடைந்து வந்து பக்கத்து செல்லுக்குச் சேதி சொல்லும் வேலையையும் அதுவே பார்க்கிறது. பல நோய்கள் இந்தச் சேதி தடம் மாறும் இடத்தில்தான் தொடங்குகின்றன. இந்தக் கடற்கரையில் புழங்கும் சில நம்பிக்கைகளை அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

நம்பிக்கை: "இறாலும் கணவாயும் முழுக்கக் கொலஸ்ட்ரால். நாற்பது தாண்டினால் தொடக் கூடாது."

இறாலில் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. 100 கிராமில் ஏறத்தாழ 150 முதல் 190 மில்லிகிராம் வரை இருக்கும். கணவாயில் அதைவிடக் கூடுதல். ஆனால் தட்டில் இருப்பது அப்படியே ரத்தத்தில் ஏறிவிடுவதில்லை. கொலஸ்ட்ராலைச் சுமந்து ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் போதவில்லை என்றால் ஏற்பிகள் கூடும், நிறைந்துவிட்டால் குறையும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிகளைக் குறைப்பதில் உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். இறாலில் அது மிகக் குறைவு.

1996-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தார் சிலருக்குத் தினமும் 300 கிராம் இறால் கொடுத்துப் பார்த்தார்கள். எல்டிஎல் சுமார் 7 விழுக்காடு ஏறியது. நல்லது என்று நாம் சொல்லும் எச்டிஎல் 12 விழுக்காடு ஏறியது. ரத்தத்தில் சுற்றும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 13 விழுக்காடு இறங்கியது. தினமும் கால் கிலோவுக்கு மேல் இறால் சாப்பிடும் வீடு மீனவர் வாழும் திரேஸ்புரத்திலேயே இருக்காது. ஆகவே பயப்பட வேண்டியது இறாலைக் கண்டு அல்ல, அதைப் பொரித்தெடுத்த எண்ணெயையும் கூட வந்த பரோட்டாவையும் கண்டுதான். பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிகுந்த குடும்பத்தவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவைத்தான் கேட்க வேண்டும்.

'அடைப்பு' என்ற சித்திரத்தையும் இங்கேயே திருத்திவிடலாம். எல்டிஎல் துகள் குழாயின் உட்பரப்பில் ஒட்டுவதில்லை, சுவருக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அங்கே அது கெட்டுப்போக, வெள்ளையணுக்கள் வந்து விழுங்குகின்றன. விழுங்கிய அணுக்கள் உப்பி, உதவி கேட்டுச் சேதி அனுப்ப, மேலும் அணுக்கள் வந்து சேர்கின்றன. கடைசியில் அது சுவருக்குள் இருக்கும் ஆறாத புண். ஒருநாள் அதன் மேல்தோல் கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது; பெரும்பாலான மாரடைப்புகளின் கதை இதுதான். எல்டிஎல்லைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஓர் ஊசி மருந்து, ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களுக்கு மறுபடி வருவதைக் குறைத்தது என்று 2017-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதற்காக எல்டிஎல்லைக் குறைக்கும் மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது. புண்ணுக்கு மூலப்பொருள் அந்தத் துகள்தான்.

மக்ரூன் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூர் மக்ரூனில் சேர்வது முட்டையின் வெள்ளைக் கருவும் முந்திரியும் சர்க்கரையும். மஞ்சள் கரு இல்லாததால் கொலஸ்ட்ரால் இல்லை. ஆனால் மிஞ்சும் சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். டிரைகிளிசரைடு ஏறியிருப்பவர்கள் பெட்டியோடு வாங்கி வைக்காமல் இருப்பது நல்லது.

நம்பிக்கை: "செக்கு எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை, எவ்வளவும் ஊற்றலாம்."

செடியும் மரமும் தரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் கொள்ளும் அளவுக்குக் கிடையாது. தேங்காய் எண்ணெயிலும் இல்லை, கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கும் பாமாயிலிலும் இல்லை. பார்க்க வேண்டியது அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பை. தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 விழுக்காடு, பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. செக்கில் ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. காய்ந்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவது இதைவிட மோசம். காய்ந்து கெடும்போது உருவாகும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ராத்திரிக் கடைச் சட்டிகள் இந்த விதியைப் படித்திருப்பதாகத் தெரியவில்லை.

நம்பிக்கை: "சத்து வேண்டுமென்றால் சீலா வாங்கு. சாளை ஏழைகளின் மீன்."

விலையை வைத்துச் சத்தை அளப்பது பழைய பழக்கம். சாளையை, குறிப்பாகப் பேச்சாளையை, வெறும் சட்டியில் எண்ணெய் விடாமல் வாட்டிப் பாருங்கள். வயிற்றுப் பக்கத்திலிருந்து மஞ்சளாக நெய் கசியும். அதைக் கிண்ணத்தில் வடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கொஞ்சம் கலங்கும், கட்டியாகாது. ஆட்டுக் கொழுப்போ அடுப்பிலிருந்து இறக்கிய சற்று நேரத்திலேயே வெள்ளையாக இறுகிவிடும். சாளை நெய்யில் இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 அமிலங்கள் இருக்கின்றன. அவற்றின் சங்கிலி பல இடங்களில் வளைந்திருப்பதால் நெருக்கமாக அடுக்கி இறுக முடியாது.

இந்த மீனைத் தொடர்ந்து சாப்பிடுகிறவரின் செல் சவ்வுகளிலும் அந்த அமிலங்கள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. சேதி வேலை தொடங்குவது அங்கேதான். செல்லுக்கு அடிபட்டால் ஒரு நொதி சவ்விலிருந்து 20 கார்பன் உள்ள கொழுப்பமிலத்தை வெட்டி எடுக்கிறது. சவ்வில் வழக்கமாக இருப்பது அரகிடோனிக் அமிலம் என்ற ஒமேகா-6. காக்ஸ் என்ற இன்னொரு நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றும். ஹார்மோன் ஊரெல்லாம் ஒலிபரப்பும் என்றால், இது அந்தத் தெருவுக்குள் மட்டும் கேட்கும் தண்டோரா: வலி, வீக்கம், காய்ச்சல், ரத்தம் உறைதல் எல்லாம் அதன் அறிவிப்புகள். சவ்வில் இபிஏ நிறைய இருந்தால் அதுவும் அதே நொதிக்குப் போட்டிபோடுகிறது. அதிலிருந்து பிறக்கும் திராம்பாக்சேன் என்ற சேதிப்பொருளுக்கு ரத்தத் தட்டுகளைச் சேர்க்கும் வலு குறைவு. 'வீக்கம் போதும், கலைந்து போங்கள்' என்று சொல்லும் ரிசால்வின்களும் இபிஏ, டிஹெச்ஏவிலிருந்தே உருவாகின்றன. வீக்கம் தானாக வடிவதில்லை, அதை வடியச் சொல்லவும் ஒரு கொழுப்பு வேண்டும்!

சீலாவில் ஒமேகா-3 இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு துண்டு சீலாவின் காசுக்குக் கிடைக்கும் சாளையில் அது பல மடங்கு. குழம்பு வைத்தால் அந்த நெய் சாற்றில் தங்கும். நிறைய எண்ணெயில் பொரித்தால் மீனின் நெய்யில் ஒரு பகுதி எண்ணெய்க்குப் போய், எண்ணெய் மீனுக்குள் வந்துவிடும்.

நம்பிக்கை: "மீன் சாப்பிட முடியாதவர் மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் மாரடைப்பு வராது."

இந்த நம்பிக்கைக்கு வேர் கிரீன்லாந்தில் இருக்கிறது. 1970-களில் டென்மார்க்கைச் சேர்ந்த பாங், டையர்பெர்க் என்ற இருவர், கடலுணவையே உண்ணும் இன்யூட் மக்களின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு இதயநோய் குறைவு என்ற எண்ணம் உலகமெங்கும் பரவியது. அவர்களுக்கு உண்மையில் இதயநோய் குறைவா என்ற கேள்விக்கே சரியான ஆதாரம் இல்லை என்று 2014-இல் ஒரு மறுபரிசீலனை சொன்னது. அதற்குள் மாத்திரை வியாபாரம் பெருகிவிட்டது.

2018-இல் வெளியான வைட்டல் ஆய்வில் 25,871 பேர் கலந்துகொண்டார்கள். தினமும் ஒரு கிராம் மீன் எண்ணெய் பெரிய இதய நிகழ்வுகளைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. அதே ஆண்டு வந்த ரெட்யூஸ்-இட் ஆய்வில், டிரைகிளிசரைடு மிகுந்தவர்களுக்குச் சுத்திகரித்த இபிஏ நான்கு கிராம் கொடுத்தபோது நிகழ்வுகள் 25 விழுக்காடு குறைந்தன. 2020-இல் வந்த ஸ்ட்ரென்த் ஆய்வில் இபிஏயும் டிஹெச்ஏயும் கலந்து அதே அளவு கொடுத்தும் பயன் இல்லை. அதிக அளவு எடுத்தவர்களில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் நோய் சற்றுக் கூடியிருந்தது. என் தீர்ப்பு இது: மீன் உணவு, மாத்திரை மருந்து. மருத்துவர் எழுதினால் போடுங்கள். விளம்பரம் பார்த்து வாங்குகிற காசுக்குச் சாளை வாங்கலாம். கூடவே, மீனவருக்கு மாரடைப்பே வராது என்ற பேச்சையும் விட்டுவிடலாம். உப்புக் கருவாடும் பீடியும் சேர்ந்தால் எந்த மீனும் காப்பாற்றாது.

நம்பிக்கை: "பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா கொடுத்தால் பால் ஊறும்."

பால் ஊறுவது குழந்தை சப்புவதால், அது தூண்டும் புரோலாக்டினால். எனினும் இந்த நம்பிக்கையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஹெச்ஏ தாய்ப்பாலில் எவ்வளவு என்பது தாய் சாப்பிடுவதைப் பொறுத்தது. அதற்குச் சுறாதான் வேண்டும் என்பதில்லை. சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் பாதரசம் அதில் அதிகம் சேரும். சுறாப் புட்டுக்குப் பதில் நெத்திலியும் சாளையும் தாராளம்.

நம்பிக்கை: "ஒல்லியானவருக்கு என்ன கொழுப்பு?"

2004-இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்களில் பலர் யாஜ்னிக்கின் இனம். தோலுக்கடியில் இடம் போதாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்து, இன்சுலின் தட்டும்போது கதவு திறக்கும் சேதியைக் குலைக்கிறது. ஒல்லியாகத் தெரியும் ஆளுக்கும் சுகர் வருவது இப்படித்தான். எடை மெஷினைவிட இடுப்பை அளக்கும் நாடா உண்மை சொல்லும்.

நம்பிக்கை: "வலி மாத்திரை வலிக்கிற இடத்துக்கு மட்டும் போகும்."

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதில்தான் நம்மூரில் அதிகம் இழக்கிறோம்.

உப்பளத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வாருபலகையால் பாத்தியில் உப்பை இழுத்து வரப்பில் சேர்ப்பது இடுப்பையும் தோளையும் முறிக்கும் வேலை. மேலே வெயில், கீழே வெள்ளை உப்பு திருப்பியடிக்கும் அதே வெயில். ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் மருந்துக் கடையில் நின்று, "அண்ணாச்சி, மேல்வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்பார்கள். அந்தச் செட்டில் பெரும்பாலும் டைக்ளோபினாக் இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது.

ஆஸ்பிரின் வகை மருந்துகள் காக்ஸ் நொதியை முடக்கிப் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் இருவரோடு 1982-இல் நோபலும் பெற்றார். சிக்கல், அந்த நொதி மூட்டில் மட்டும் இல்லை என்பதுதான். இரைப்பையில் சளிப்படலம் சுரக்கச் சொல்வதும் புரோஸ்டாகிளாண்டின். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கிவிடாமல் திறந்து வைப்பதும் அதுவே. வெயிலில் வற்றிய உடம்போடு மாத்திரை போட்டால், அந்தக் குழாயைத் திறந்து வைத்திருந்த கையைத் தட்டிவிடுகிறோம். தமிழ்நாட்டு உப்பளங்களில் வெப்பத்தாக்கத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் ஆராய்ந்து எச்சரித்திருக்கிறார்கள். இறந்த மாட்டின் உடலில் எஞ்சியிருந்த டைக்ளோபினாக்கால் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்ததும், 2006-இல் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்டதும் பலர் அறிந்த கதை.

'சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது', 'ஊசியாகப் போட்டால் வயிறு புண்ணாகாது' என்பவையும் தவறு. மருந்து ரத்தத்தின் வழியே போய்த்தான் நொதியை முடக்குகிறது, எந்த வாசல் வழியே நுழைந்தாலும்.

    

பிரஷர் மாத்திரைகளில் சில வகையும், நீர் பிரியும் மாத்திரையும், வலி மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம், அளத்துக்குப் போவதையும் இடையில் வலி மாத்திரை போடுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை ரத்தத்தில் பார்க்கக் கேளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.