கடைக் கம்ப்யூட்டர் வீட்டுத் திரையில்



கடையை அடைத்து வீட்டிற்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் நம்மில் பலருக்குக் கணக்கு ஞாபகம் வருகிறது. நாளை வரும் லாரியில் துவரம் பருப்பு எத்தனை மூட்டை இறக்கலாம், வெளியூர்க் கடைக்காரரின் பழைய பாக்கி எவ்வளவு என்று பார்க்கலாமென்றால் பேரேடு முழுவதும் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நாங்கள் பல ஆண்டுகள் கணக்குப்பிள்ளையை இரவு பத்து மணிக்குப் போனில் எழுப்பித் தொல்லை கொடுத்தோம். அவர் நினைவிலிருந்தே சொல்வார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

வீட்டில் இருந்தபடியே கடைக் கம்ப்யூட்டரைப் பார்க்கலாம் என்று பேரன் சொன்னபோது எங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடையில் இருப்பது விண்டோஸ். வீட்டில் அவன் படிப்புக்காக வைத்திருப்பது லினக்ஸ். பில் போடும் மென்பொருள் லினக்ஸில் ஓடாதே, பிறகு எப்படி?

விஷயம் என்னவென்றால், மென்பொருள் வீட்டிற்கு வருவதே இல்லை. வேலை முழுவதும் கடைக் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. அதன் திரையில் தெரியும் படம் மட்டும் வீட்டிற்கு வருகிறது. நாம் தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் கடைக்குப் போகின்றன. நாம் போனில் சொல்லச் சொல்ல, கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டுவது போலத்தான். ஆகவே இந்தப் பக்கம் எந்தக் கம்ப்யூட்டர் என்பது பொருட்டல்ல. இரண்டும் ஒரே பாஷை பேசினால் போதும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பாஷைக்கு ஆர்.டி.பி. என்று பெயர். 1998-ல் விண்டோஸ் என்.டி.யின் ஒரு பதிப்பில் அது வந்தது. வி.என்.சி. என்ற இன்னொன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது.

கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 'புரோ' பதிப்பா என்று முதலில் பாருங்கள். 'ஹோம்' பதிப்பு ஆர்.டி.பி. வழியே வெளியாளை உள்ளே விடாது. புரோ என்றால் செட்டிங்ஸில் 'ரிமோட் டெஸ்க்டாப்' என்பதை ஆன் செய்தால் போதும். லினக்ஸ் பக்கம் 'ரெமினா' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மேக் கம்ப்யூட்டருக்கும் ஐபோனுக்கும் மைக்ரோசாப்டே 'விண்டோஸ் ஆப்' என்ற பெயரில் தருகிறது. கடைக் கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றி வைக்க வேண்டும். தூங்கினால் இரவில் எவ்வளவு தட்டினாலும் கதவு திறக்காது.

இதில் ஒன்றை அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஆர்.டி.பி.யில் நாம் நுழைந்ததும் கடைத் திரை பூட்டிக்கொள்ளும். ஒரு பண்டிகைக் கூட்டத்தின்போது வீட்டிலிருந்து இருப்புப் பார்க்கப் போய், பில் போட்டுக்கொண்டிருந்த பையனை வெளியே தள்ளிவிட்டோம். கல்லா முன்னால் பத்துப் பேர் நின்றார்கள்! இருவரும் ஒரே திரையைச் சேர்ந்து பார்க்க வேண்டுமானால் வி.என்.சி.தான் ஏற்றது.

இதுவரை சொன்னது கடைக்குள்ளேயே, ஒரே இணைப்பில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் பொருந்தும். வெளியிலிருந்து வருவதில்தான் ஆபத்து இருக்கிறது. எங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்க்க வந்த ஒருவர், சுலபமாக இருக்கட்டும் என்று ரவுட்டரில் 3389 என்ற வாசலை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்துவிட்டுப் போனார். ஆர்.டி.பி. வழக்கமாகப் பயன்படுத்தும் எண் அது. திருடர்கள் ஏவிவிடும் புரோகிராம்கள் உலகம் முழுவதும் இந்த வாசலைத் தேடி, இராப்பகலாகக் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கின்றன. எங்கள் கடவுச்சொல் கடைப் பெயரும் 123-ம். அந்தத் தப்பு எங்களுடையது.

ஒரு திங்கட்கிழமை காலை கடையைத் திறந்தால் எந்தக் கணக்கும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் மட்டும் திரையில் இருந்தது. பணம் கொடுக்கவில்லை. பென் டிரைவில் எடுத்து அலமாரியில் வைத்திருந்த நகல் பதினோரு நாள் பழையது. அந்தப் பதினோரு நாள் வியாபாரத்தையும் கார்பன் காப்பி பில் புத்தகத்தைப் பார்த்து, கணக்குப்பிள்ளையும் மருமகளும் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். பில் புத்தகத்தை நிறுத்திவிடலாம் என்று அதற்கு முந்தைய மாதம்தான் பேசியிருந்தோம்.

இப்போது ரவுட்டரில் அந்த வாசல் மூடப்பட்டிருக்கிறது. எண்ணை மட்டும் மாற்றி வைத்தால் போதும் என்பார்கள். நம்ப வேண்டாம், தேடுகிறவன் எல்லா எண்ணையும் தேடுகிறான். நாங்கள் வி.பி.என். வைத்திருக்கிறோம். வீட்டிற்கும் கடைக்கும் நடுவே பூட்டுப் போட்ட தனிச் சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சந்துக்குள் நுழைந்தால்தான் கடைக் கதவையே தட்ட முடியும். 'வயர்கார்டு' என்பது அத்தகைய இலவச மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக், செல்போன் எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஒருமுறை அமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அதற்குரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

எண் ஒன்றைச் சொன்னால் உடனே திரையைக் காட்டும் செயலிகளும் உண்டு. வசதியானவைதான். ஆனால் பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது போன் செய்து, அதை ஏற்றி எண்ணைச் சொல்லச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். எண்ணைச் சொல்லி அனுமதியும் கொடுத்துவிட்டால் அவன் நம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம். இப்படிப் பணம் பறிபோவது குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020-லேயே முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் பில் மட்டும் போட்டுக்கொள்ளலாம். வெளியிலிருந்து நுழையும் வேலையை அதில் வைக்க வேண்டாம்.

யார் எந்த நேரத்தில் உள்ளே வந்தார் என்பது விண்டோஸிலேயே பதிவாகிறது. எங்கள் கணக்குப்பிள்ளை காலையில் சாமி படத்துக்குப் பூ வைத்த கையோடு அதைப் பார்த்துவிட்டு, "நேற்று பதினொன்றரைக்கு வந்தது நீங்கள்தானே முதலாளி?" என்று கேட்டுக்கொள்கிறார்.