கால் அச்சு சரியானால் தாங்கியும் சரியாகும்

பெற்றோர்களே!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு அச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அச்சு கோணினால் அதில் வரும் ஒவ்வொரு பாகமும் கோணும். குழந்தையின் காலுக்குச் செய்யும் தாங்கியும் அப்படித்தான்.

யாருக்குத் தாங்கி வேண்டும்?

இந்தியா 2014-ல் போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் மூளை முடக்குவாதத்தால் நுனிக்காலில் நடக்கும் குழந்தைகளுக்கும், நரம்புக் குறையால் பாதம் தொங்கும் குழந்தைகளுக்கும் கணுக்கால் தாங்கி தேவைப்படுகிறது. "வளர்ந்தா தானாச் சரியாயிடும்" என்று காத்திருக்காதீர்கள். தசை சுருங்கிப்போனால் பாதத்தை நேராக்குவது கடினம்.

அச்சு எப்படி எடுக்கிறார்கள்?

1. காலில் மெல்லிய பின்னல் உறை மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களில் அழியாப் பென்சிலால் குறியிடுவார்கள். அந்தக் குறி அச்சின் உட்புறத்தில் பதியும்.

2. காலின் முன்பக்கம் ஒரு குழாயை வைத்து, நனைத்த மாவுக்கட்டுத் துணியை விரல் முதல் முழங்காலுக்குக் கீழ்வரை சுற்றுவார்கள்.

3. மாவு இறுகும்வரை சில நிமிடம் பாதத்தைச் சரியான நிலையில் பிடித்திருப்பார்கள். இளஞ்சூடு தெரியும், பயம் வேண்டாம்.

4. குழாயின்மேல் வெட்டிக் கூட்டைக் கழற்றுவார்கள். அதில் மாவுக் கரைசல் ஊற்றினால் குழந்தையின் கால் போலவே உருவம் கிடைக்கும். குறியிட்ட இடங்களில் மாவைச் சற்றுக் கூட்டி, சூட்டில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை மேலே படியவைத்துத் தாங்கி செய்வார்கள்.

இவற்றில் மூன்றாவதே முக்கியம். முழங்கால் மடங்கியிருந்தால் கெண்டைக்கால் தசை தளரும். பாதம் செங்கோணத்தில் நிற்க வேண்டும். குதிகால் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. அப்போது குழந்தை உதைத்தால் அச்சு மடிந்துவிடும். அதில் செய்த தாங்கி உறுத்தும், புண்ணாக்கும். "போட மாட்டேன்"னு குழந்தை அழுவது பிடிவாதம் அல்ல, வலி. கடைசியில் தாங்கி பரணுக்குப் போய்விடும். கால் கோணலாகவே நிற்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* குழந்தையின் பசியாற்றி, தூங்கி எழுந்த பிறகு அழைத்துச் செல்லுங்கள். ஷிப்டு மாற்றிக்கொண்டாவது இருவரும் போங்கள். ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, மற்றவர் விளையாட்டுக் காட்டலாம்.
* புண், வீக்கம் இருந்தால் முன்பே சொல்லுங்கள்.
* குழந்தை அசைந்துவிட்டால் "இன்னொரு தடவை எடுங்க" என்று கேட்கத் தயங்காதீர்கள்.
* புதுத் தாங்கியை முதலில் சிறிது நேரமே போடுங்கள். கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணிக்குள் மறையாவிட்டால் செய்தவரிடமே காட்டுங்கள்.
* கால் வளர்ந்து தாங்கி சிறுத்தால் புது அச்சு எடுக்க வேண்டும்.

எங்கே கேட்பது?

அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குழந்தையைக் காட்டுங்கள். சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் தாங்கிகள் செய்து தருகிறார்கள்.

அச்சின்போது சில நிமிடப் பொறுமை, பல மாத நல்ல நடை!