தேனீப் பெட்டியும் சரியான அளவும்

தேனீப் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அளவு மட்டும் பிழைத்தல் ஆகாது. எமது நாட்டுத் தேனீ, தான் நடமாடுவதற்கு ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் வெளியை அடை கட்டாது விடும். இது தேனீ இடைவெளி எனப்படும். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே இதனிலும் மிக அகன்ற வெளி இருப்பின், தேனீ அங்கே அடை கட்டிச் சட்டத்தைச் சுவரோடு பிணைத்துவிடும். அச்சட்டத்தை இழுக்குங்கால் அடை கிழிந்து புழுக்கள் மடியும். கூட்டமே பெட்டியை விட்டு அகலவும் கூடும். வெளி மிக ஒடுங்கினால் தேனீ அங்கே நுழைய இயலாது. மெழுகுப்பூச்சி ஒளிந்து பெருகும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்:

1. நன்கு உலர்ந்த பலகையையே பயன்படுத்துக. ஈரப்பலகை பின்னர் சுருங்கி வளைந்து அளவைக் கெடுக்கும்.

2. முதலில் சட்டத்தைச் செய்து, அதற்கேற்பப் பெட்டியின் உள்ளளவைக் கணிக்குக. பக்கக் கட்டைகள் உட்படச் சட்டத்தின் நீளம் 220 மி.மீ. எனின், இரு புறமும் 7 மி.மீ. கூட்ட, உள்ளளவு 234 மி.மீ. ஆகும். பலகையின் தடிப்பு இதனுள் அடங்காது.

3. மேற்கட்டையின் அகலம் 22 மி.மீ. ஆகவும், அடுத்தடுத்த இரு சட்டங்களின் நடுக்கோடுகளுக்கிடையே தூரம் ஏறக்குறைய 32 மி.மீ. ஆகவும் இருத்தல் வேண்டும்.

4. 7 மி.மீ. தடிப்புள்ள மரத்துண்டொன்றைச் சீவி வைத்து, ஆணி அறையுமுன் பக்க இடைவெளிகளை அதனாற் சோதிக்குக.

எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவினவாயின், வலிய கூட்டத்தின் புழு அடையை நலிந்த கூட்டத்துக்கு மாற்றி அதனைக் காத்தல் எளிதாகும்.