பூச்சிக்கு எந்த ஃப்ளாஷ்?

கேள்வி: தோட்டத்தில் பூச்சிகளை மேக்ரோ லென்ஸில் எடுக்கிறேன். வெயிலில் ஆட்களையும் எடுப்பதுண்டு. இரண்டுக்கும் ஒரே ஃப்ளாஷ் போதுமா?

பதில்: போதும். ஆனால் இரண்டுக்கும் தேவைப்படுவது வேறு வேறு.

பூச்சி சில அங்குலத்தில் இருக்கிறது. அங்கே பெரிய சக்தி வேண்டாம். எஃப்/11 வைத்தாலும் ஃப்ளாஷை முழுச் சக்தியில் அடிக்க வேண்டியது அரிது. சக்தியைக் குறைக்கக் குறைக்க ஃப்ளாஷ் மின்னும் நேரமும் சுருங்கும். பல ஃப்ளாஷ்களில் அது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். காற்றில் ஆடும் இலையில் உட்கார்ந்த எறும்புகூடத் துல்லியமாக விழுவது அதனால்தான். காசை முதலில் டிஃப்யூசரில் போடுங்கள். வண்டின் முதுகு கண்ணாடி மாதிரி; வெறும் ஃப்ளாஷ் அதில் வெள்ளைப் பொட்டாக எரியும். வெள்ளைத் துணியோ பால் நிறப் பிளாஸ்டிக்கோ பூச்சிக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ, ஒளி அவ்வளவு மென்மை. ரிங் ஃப்ளாஷ் நிழலையே அழித்து உருவத்தைத் தட்டையாக்கிவிடும்; பூச்சிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

வெயிலில் கதை வேறு. ஃப்ளாஷோடு எடுக்கும்போது சாதாரண ஷட்டர் எல்லை 1/200 அல்லது 1/250 நொடி. அதைத் தாண்ட ஹை ஸ்பீட் சிங்க் வசதி வேண்டும். அது சக்தியை நிறைய விழுங்கும். ஆகவே கைடு நம்பர் (ஃப்ளாஷின் சக்தி அளவு) 60 உள்ள, லித்தியம் பேட்டரி ஃப்ளாஷ் வாங்குங்கள். கோடாக்ஸ் வி860 போல. எடை தோளை அழுத்தும். பூச்சி மட்டும்தான் என்று முடிவெடுத்தால் கோடாக்ஸின் சின்ன டிடி350 தாராளம்.

உங்கள் கேமரா பிராண்டுக்கான மாடல்தானா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.