மழலையர் பள்ளிக்கு முன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு, முதல் வகுப்பில் சேரும் முன்னர் அளிக்கப்படும் கல்வி முன்பருவக் கல்வி எனப்படுகிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இயங்கும் அங்கன்வாடிகளும், தனியார் பள்ளிகளின் ப்ரீகேஜி, எல்கேஜி, யூகேஜி வகுப்புகளும் தமிழ்நாட்டில் இக்கல்வியை வழங்குகின்றன. 2019 முதல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் அமைந்த அங்கன்வாடிகளிலும் எல்கேஜி, யூகேஜி வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஐந்து வயதில் பள்ளி வாசலை மிதித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று மூன்று வயதிலேயே அதை மிதிப்பதால், அன்று முதல் வகுப்பைச் சூழ்ந்திருந்த அச்சங்களும் எதிர்பார்ப்புகளும் அப்படியே மூன்று வயதுக் குழந்தையின் மேல் இறங்கியுள்ளன. குழந்தையைப் பள்ளிக்குத் தயார் செய்வது பற்றி வீடுகளில் வழங்கும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இந்த இடமாற்றத்தின் விளைவே.

நம்பிக்கை 1: சீக்கிரம் சேர்த்தால் ஓராண்டு மிச்சமாகும்.

உண்மை: பிறப்புச் சான்றிதழ் பரவலாகாத காலத்தில், வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று இடக்காதைத் தொட முடிகிறதா என்று பார்த்தே குழந்தையைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டனர். தலையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொடும் அளவுக்குக் கை நீளும் வயது ஏறத்தாழ ஆறு என்பதால், அந்த வழக்கம் தோராயமானதே ஆயினும் உடல் முதிர்ச்சியை அளவுகோலாகக் கொண்டிருந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனது 11ஆம் பிரிவில், முன்பருவக் கல்வி பற்றிப் பேசும்போது மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளையே குறிப்பிடுகிறது. வயதை முந்திக்கொண்டு சேர்க்கப்படும் குழந்தை, வகுப்பிலேயே இளையதாக அமர்ந்து, தன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு மாதம் மூத்த குழந்தைகளோடு ஒப்பிடப்படுகிறது. மூன்று வயதில் பன்னிரண்டு மாதம் என்பது வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, வகுப்பில் இளையவர்களான டிசம்பர் மாதக் குழந்தைகளுக்கு, மூத்தவர்களான ஜனவரி மாதக் குழந்தைகளைவிடக் கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் கொண்ட ஏடிஎச்டி எனும் குறைபாடு இருப்பதாக அதிக அளவில் கண்டறியப்பட்டதைக் காட்டியது. இந்தக் கூடுதல் சிறுவர்களிடம் 30 விழுக்காடாகவும் சிறுமியரிடம் 70 விழுக்காடாகவும் இருந்தது. வெறும் வயதுக் குறைவே நோயாகப் பெயர்சூட்டப்படும் வாய்ப்பு இதனால் புலனாகிறது.

நம்பிக்கை 2: எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுத்தே அனுப்ப வேண்டும்.

உண்மை: எழுத்தைக் கற்பிப்பதற்காகவே ஏற்பட்ட இடத்துக்கு எழுத்தைக் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்பதில் உள்ள முரண் ஒருபுறம் இருக்க, மூன்று வயதுக் கை அதற்கு இன்னும் பக்குவப்படவில்லை என்பதே முதன்மையான தடையாகும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றால் பென்சிலை நிலையாகப் பிடிக்கும் மூவிரல் பிடி பெரும்பாலான குழந்தைகளிடம் நான்கு முதல் ஆறு வயதுக்குள்தான் அமைகிறது. அதற்கு முன் குழந்தை முழு உள்ளங்கையாலும் பற்றி, தோளிலிருந்து கையை அசைத்தே கிறுக்குகிறது. இந்நிலையில் நாலுகோடு நோட்டைக் கொடுத்து எழுத்துகளைக் கோட்டுக்குள் அடக்கச் சொல்வதால் விரல் வலியும் எழுத்தின் மேல் வெறுப்பும் மிஞ்சுகின்றன. சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, சட்டைப் பொத்தானைப் போடுவது, சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வட்டமிடுவது ஆகியன எழுதும் விரல்களுக்கு வலுவூட்டும் பயிற்சிகள் என்பதும், இவற்றுள் ஒன்றுக்கும் நோட்டுப் புத்தகம் தேவையில்லை என்பதும் குறிப்பிடத்தக்கவை. குழந்தை இடக்கையை நாடினால் அதைத் தடுத்து வலக்கைக்கு மாற்றுவதும் தயாரிப்பாகாது. மனிதரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கமுள்ளவர்.

முந்திக் கற்றவர் முந்தியே நிற்பார் என்ற எண்ணத்துக்கும் சான்று வலுவாக இல்லை. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கக் கற்ற குழந்தைகளையும் ஏழு வயதில் கற்கத் தொடங்கிய குழந்தைகளையும் செபாஸ்டியன் சுகேட் தலைமையிலான ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, பதினொரு வயதையொட்டி இரு குழுவினரின் வாசிப்புத் திறனும் சமமாகிவிட்டதைக் கண்டனர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்னும் பழமொழியை இதற்கு மறுப்பாகக் காட்டுவோர், அப்பழமொழி ஐந்தைத்தான் சொல்கிறது, இரண்டரையை அன்று என்பதை எண்ணிப் பார்க்கலாம். விஜயதசமியன்று அரிசியில் எழுத வைக்கும் வித்யாரம்பமும் கல்வியைத் தொடங்கிவைக்கும் சடங்கேயன்றி, மறுநாள் முதல் எழுதியாக வேண்டும் என்ற கட்டளை அன்று.

நம்பிக்கை 3: பள்ளியில் திணறாமலிருக்க வீட்டில் ஆங்கிலமே பேச வேண்டும்.

உண்மை: தாய்மொழியே கல்விக்குச் சிறந்த வாயில் என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953இலேயே அறிக்கை வெளியிட்டது. இரு மொழிகள் குழந்தையைக் குழப்பும் என்ற மறுபக்க அச்சத்தையும், மான்ட்ரியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகியோர் பத்து வயதுச் சிறாரிடையே நடத்தி 1962இல் வெளியிட்ட ஆய்வு அசைத்துவிட்டது. ஆகவே கேடு மொழிகளின் எண்ணிக்கையில் இல்லை. தமக்குச் சரளமாக வராத மொழியில் பெற்றோர் பேச முற்படும்போது, கதையும் கேள்வியும் கேலியும் சுருங்கி, ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்னும் ஏவல் சொற்களே வீட்டில் எஞ்சுவதில்தான் கேடு உள்ளது. பாட்டியின் கதையில் வளமாக வளர்ந்த சொல்லறிவு பின்னர் கற்கும் மொழிக்கும் அடித்தளமாகிறது. பள்ளிக்கென்று தேவைப்படுபவை சில சொற்களே: தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, சிறுநீர் வருகிறது என்பனவற்றை வகுப்பில் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொல்லக் குழந்தை அறிந்திருப்பதும், ‘உச்சா’, ‘மம்மு’ போன்ற வீட்டுச் சொற்களை ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும் போதுமானவை.

நம்பிக்கை 4: அழுகிற குழந்தை இன்னும் பக்குவப்படவில்லை, கண்ணில் படாமல் நழுவி வந்துவிடுவதே நல்லது.

உண்மை: தன்னைப் பேணுபவரை விட்டுப் பிரியும்போது குழந்தைக்கு ஏற்படும் கலக்கம் பிரிவுப் பதற்றம் எனப்படும். பிறந்து எட்டு ஒன்பது மாதங்களில் தோன்றி, ஒன்றரை வயதுவாக்கில் உச்சமடைந்து, மூன்று வயதையொட்டித் தணியத் தொடங்கும் இப்பதற்றம், புதிய இடத்தில் மீண்டும் தலைகாட்டுவது இயல்பு. பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் அவருடன் பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த்தும் வளர்த்தெடுத்த பற்றுக் கோட்பாட்டின்படி, பிரியும்போது அழுவதும், திரும்பி வந்தவரைக் கண்டதும் தேறுவதும் உறுதியான பற்றின் அடையாளங்களுள் அடங்கும். அழாத குழந்தை துணிவுடையது என்றோ, அழும் குழந்தை செல்லத்தால் கெட்டது என்றோ முடிவு கட்ட இதில் இடமில்லை. முதல் வாரம் புதுமையில் மகிழ்ந்திருந்து, தினமும் வந்தாக வேண்டும் என்பது விளங்கிய இரண்டாம் வாரத்தில் அழத் தொடங்கும் குழந்தைகளும் உண்டு.

சொல்லாமல் நழுவுவது அன்றைய அழுகையைக் கண்ணிலிருந்து மறைக்கிறதே தவிர, அம்மா எந்த நொடியிலும் காணாமல் போகக்கூடும் என்ற பாடத்தைக் குழந்தைக்குக் கற்பித்துவிடுகிறது. அதன் பின்னர் வீட்டிலும் குழந்தை முந்தானையை விடாமல் பற்றிக்கொள்வது இதன் விளைவாகும். விடைபெறுதல் சுருக்கமாகவும் தெளிவாகவும் அமைய வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்குக் கடிகாரம் விளங்காதாதலால் ‘பன்னிரண்டு மணிக்கு’ என்பதைவிட ‘சாப்பிட்டு முடித்ததும்’ என்பது பொருள்படும்; சொன்ன நேரத்தில் வந்து நிற்பது, சொன்ன சொல்லைவிடப் பெரிய ஆறுதல். முதல் சில நாட்கள் ஓரிரு மணி நேரம் மட்டும் இருக்கச் செய்து, படிப்படியாக நீட்டிப்பதைப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. அழுகை பல வாரங்கள் குறையாமல் நீண்டு, உணவும் உறக்கமும் கெட்டால், அல்லது ஒரு குறிப்பிட்ட நபரையோ இடத்தையோ கண்டு குழந்தை அஞ்சினால், அதைப் பிடிவாதம் என்று ஒதுக்காமல் காரணத்தை ஆராய வேண்டும்.

நம்பிக்கை 5: ‘சேட்டை செய்தால் மிஸ்ஸிடம் சொல்லிவிடுவேன்’ என்றால் ஒழுங்கு வரும்.

உண்மை: பள்ளியில் குழந்தை நம்பி அண்டக்கூடிய ஒரே பெரியவரைப் பூச்சாண்டியாக்கிவிட்டு, அவரிடமே தண்ணீர் கேள், வலித்தால் சொல் என்று அனுப்புவதில் பயனில்லை.

நம்பிக்கை 6: கழிப்பறைப் பழக்கம் முழுமையாக வந்தாக வேண்டும்.

உண்மை: பகலில் சிறுநீரை அடக்கும் திறன் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் படிப்படியாக வருகிறது, இரவில் படுக்கை நனைவது ஐந்து வயது வரை மருத்துவர்களால் குறைபாடாகக் கருதப்படுவதில்லை. பழகிய குழந்தையும் பள்ளி தொடங்கிய புதிதில் நனைத்துவிடுவது உண்டு. அதற்குத் தண்டனை கூடாது, மாற்றுடை போதும். வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை மட்டுமே கண்ட குழந்தை பள்ளியில் இந்தியக் கழிப்பறையைக் கண்டு அஞ்சி நாள் முழுதும் அடக்கிக்கொள்வதும் நிகழ்வதால், இரண்டையும் முன்பே பழக்குவதும், தானே இறக்கி ஏற்றக்கூடிய எலாஸ்டிக் உடையை அணிவிப்பதும் உதவும்.

இந்த நம்பிக்கைகளை விலக்கிய பின் எஞ்சும் தயாரிப்பு எளியது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கமும், குறைந்தது மூன்று மணி நேர உடலியக்கமும் தேவை என்றும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே உறங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் பள்ளி நேரத்துக்கு ஏற்ப மாற்றுவதும், ஊட்டிவிடுவதைக் குறைத்து இட்லியையோ பருப்புச் சாதத்தையோ சிந்தினாலும் தானே உண்ண விடுவதும், தாத்தா வீட்டிலோ அண்டை வீட்டிலோ பெற்றோரின்றிச் சிறிது நேரம் இருக்கப் பழக்குவதும் அதன் உறுப்புகள். இவற்றை விட்டுவிட்டு எழுத்துப் பயிற்சியில் கோடை விடுமுறையைக் கழிக்கும் பெற்றோர், பள்ளி செய்ய வேண்டிய வேலையைத் தாம் செய்து, தாம் மட்டுமே செய்யக்கூடிய வேலையைச் செய்யாமல் விடுகின்றனர்.