‘இந்தியர்கள் மட்டும்’ என்று எழுதலாமா?

அமெரிக்காவில் ரூம்மேட் தேடும் நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை சட்டமாய் உட்கார்ந்துவிட்டது. ‘வாடகை கட்டுவது நான்; என் வீட்டில் யாரை வைத்துக்கொள்வது என்பது என் இஷ்டம்; விளம்பரத்தில் எதை வேண்டுமானாலும் போடலாம்’ என்பது அது. வாட்ஸ்அப் குழுக்களில் ‘இந்தியர்கள் மட்டும்’, ‘தமிழ் இந்துப் பையன்களுக்கு முன்னுரிமை’ என்று கூசாமல் போடுகிறார்கள். யாராவது கேட்டால், சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது என்று பதில் வருகிறது. விலக்கு இருப்பது உண்மைதான். அதை முழுதாகப் படித்தவர்கள்தான் இல்லை.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது நியாய வீட்டுவசதிச் சட்டம். இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்றது. 1974இல் பாலினமும், 1988இல் உடற்குறையும் குழந்தைகள் உள்ள குடும்பமும் சேர்ந்தன. நம்மவர்கள் சொல்லும் விலக்குக்கு ‘மிஸஸ் மர்ஃபி’ என்று பேர். வீட்டில் ஒன்றிரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் ஒரு கற்பனை விதவை அவர். நான்கு குடும்பங்களுக்கு மேல் இல்லாத கட்டடத்தில் உரிமையாளரே குடியிருந்தால்தான் அது செல்லும். நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட அபார்ட்மென்டில் இரண்டு பெட்ரூமை வாடகைக்கு எடுத்து, ஒன்றுக்கு ஆள் தேடும் ஹெச்-1பி விசா இளைஞருக்கு இதில் என்ன இருக்கிறது? சரி, சொந்த வீட்டுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஆளைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் விலக்கு. பாகுபாடு தொனிக்கும் விளம்பரத்தைத் தடுக்கும் உட்பிரிவை அந்த விலக்கு தொடவே இல்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டால் தப்பிக்கிற விருப்பம், எழுதிப் போட்டதும் மாட்டிக்கொள்ளும். விசித்திரம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் படித்தவர்கள் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்து நீட்டுவார்கள். ரூம்மேட் தேடித்தரும் ஓர் இணையதளத்தின் மீதான வழக்கில், ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரே சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்பவர்களின் தேர்வுக்குள் இந்தச் சட்டம் நுழையாது என்றது. நல்ல தீர்ப்பு. கதவைச் சாத்தியபின் யாரோடு தூங்கி எழுவது என்பதில் அரசுக்கு வேலையில்லை என்ற அதன் அடிப்படை எனக்கும் ஏற்புடையதே. ஆனால் அது கட்டுப்படுத்துவது கலிஃபோர்னியா, வாஷிங்டன் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களை. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் இருப்பவர்கள் அதைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டு அலைவதில் அர்த்தமில்லை. தனி அடுப்பு, தனி வாசலோடு பேஸ்மென்டை வாடகைக்கு விடுபவருக்கும் அது உதவாது. உள்ளூர்ச் சட்டம் வேறு இருக்கிறது. விஸ்கான்சினின் மேடிசன் நகரில் 1989இல், தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்பதால் ஒரு பெண்ணை ரூம்மேட்டாக ஏற்க மறுத்த இருவர் மீது, நகரத்தின் சமவாய்ப்பு விதியின்படி பின்னர் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. அந்த மறுப்பு நடந்த பிறகுதான் நகரம் ரூம்மேட்டுகளுக்கு விலக்களித்து விதியைத் திருத்தியிருந்தது.

இவை எல்லாவற்றுக்கும் மூத்தது 1866ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு வந்தது. வாடகை உட்படச் சொத்து விஷயங்களில் இனப் பாகுபாடு கூடாது என்பது. இதில் மிஸஸ் மர்ஃபிக்கு இடமே இல்லை. தனியாருக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொல்லிவிட்டது. 1987இல், ‘இனம்’ என்பதில் வம்சாவளியும் அடங்கும் என்றது. 2012 வழக்கில் இந்தச் சட்டம் விசாரணைக்கே வரவில்லை. ‘இந்தியர்கள் மட்டும்’ என்று போட்டவர், பாஸ்போர்ட்டைத்தான் சொன்னேன் என்று சாதிக்கலாம். படிக்கிறவர் எவரும் வம்சாவளி என்றுதான் எடுத்துக்கொள்வார்.

சில்லறை வதந்திகளும் உண்டு. ‘பெண்கள் மட்டும்’ என்று போட்டால் குற்றம் என்கிறார்கள். வசிக்கும் இடத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது போடலாம். மத்திய வீட்டுவசதித் துறையே 1995இல் சொல்லிவிட்டது. ‘போலீஸ் வரும்’ என்பது பயமுறுத்தல். இது சிவில் விவகாரம்: ஓராண்டுக்குள் துறையிடம் புகார், இரண்டாண்டுக்குள் வழக்கு. சாதி கேட்பது நம்ம ஊர் விஷயம், அமெரிக்கச் சட்டத்துக்கு அது என்ன தெரியும் என்பவர்கள் சியாட்டில் பக்கம் போக வேண்டாம். அந்த நகரம் 2023இல் வீட்டுவசதியிலும் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்துவிட்டது.

அப்படியென்றால் சைவச் சமையலறை வேண்டும் என்றுகூடச் சொல்லக் கூடாதா என்று கோபப்படுவார்கள். தாராளமாகச் சொல்லலாம். சாப்பாட்டுப் பழக்கம் மத்தியச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. ‘வீட்டில் மீன், இறைச்சி சமைப்பதில்லை’ என்பது வீட்டு விதி. ‘பிராமணர்களுக்கு மட்டும்’ என்பது ஆளைப் பற்றியது. முன்னதை எழுதுங்கள், அதையும் ஒப்பந்தமாக எழுதுங்கள். நம் ஆட்களுக்கு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தெரியும், கூட இருப்பவரோடு ஒரு பக்கம் எழுதிக்கொள்ள மட்டும் வெட்கம். காலை ஆறு மணிக்கு மிக்ஸி ஓடலாமா, ஃப்ரிட்ஜின் மேல்தட்டு யாருக்கு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் எத்தனை வாரம் தங்கலாம், பாதியில் கிளம்பினால் டெபாசிட் யார் கையில், மின்கட்டணம் எப்படிப் பிரியும் என்று எழுதி, தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.